மணி அடிக்காத மத்தியானம்

நாமக்கல் பக்கம் சித்திரை, வைகாசி மாதங்களில் கரண்ட் ஒரேயடியாகப் போவதில்லை. முதலில் சிமிட்டும். காற்று எழும்பும், எங்கேயோ ஒரு தென்னை மட்டை கம்பியில் உரசும், விளக்கு மங்கித் திரும்ப எரியும், மறுபடி மங்கும். சரி, வந்துவிட்டது என்று நாம் வேறு வேலைக்குத் திரும்பிய பிறகுதான் முழுசாகப் போகும். திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். அந்தச் சிமிட்டலைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். ஒரு மனிதரின் பிழைப்பு அதற்குள் மாட்டிக்கொள்ளும் என்று நினைத்ததில்லை.

எண்பதுகளின் பின்பாதி. கோயமுத்தூரில் இன்ஜினியரிங் முடித்துவிட்டு, அயோத்தியாப்பட்டணத்தில் ஒரு தகரக் கொட்டகைக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். கம்பெனி என்றால் முதலாளி, நான், சால்டரிங் செய்ய இரண்டு பெண்கள், அவ்வளவுதான். முதலாளி சேலம் டவுன்காரர். பெங்களூரில் வேலை பார்த்துவிட்டு, சொந்தமாக ஏதாவது செய்யவேண்டும் என்று திரும்பி வந்தவர். நாங்கள் அவரை சார் என்போம். கம்ப்யூட்டர் போர்டை அவரே வடிவமைத்துச் செய்தார். அதில் ஓடுவதற்கு வெளிநாட்டு ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஒன்றை சோர்ஸ் கோடோடு வாங்கிவைத்திருந்தார். அதை எங்கள் போர்டுக்குப் பொருத்துவது என் வேலை. அதன் நடுப்பகுதியைக் கர்னல் என்பார்கள். மற்ற புரோகிராம்கள் எல்லாம் அதன் தயவில்தான் ஓடும். யார் இப்போது ஓடுவது, யார் தூங்குவது, எதற்காக யாரை எழுப்புவது என்று முடிவு செய்வது அதுதான். எங்கள் வீட்டில் யாருக்கும் நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று புரியவில்லை. கம்ப்யூட்டர் என்றால் டைப் அடிப்பது என்று நினைத்துக்கொண்டார்கள். நானும் திருத்தவில்லை.

எங்கள் முதல் மெஷின் நாமக்கல்லுக்குப் பக்கத்தில் ஒரு ஹேச்சரிக்குப் போனது. கோழிக்குஞ்சு பொரிக்கும் இடம். பீரோ மாதிரி பெரிய பெரிய பெட்டிகள். உள்ளே அடுக்கடுக்காக முட்டைத் தட்டுகள். கடைசி சில நாட்களுக்கு முட்டைகளை ஹேச்சர் என்ற தனிப் பெட்டிக்கு மாற்றுவார்கள். அந்த நேரத்தில் உள்ளே இருக்கும் குஞ்சு முழுசாக வளர்ந்துவிட்டிருக்கும், தானாகவே சூடு விடும். ஃபேன் ஓடிக்கொண்டே இருக்கவேண்டும். நின்றுவிட்டால் மூடிய பெட்டிக்குள் சூடு ஏறி, மூச்சும் முட்டி, மொத்தமும் போய்விடும். அதனால் கரண்ட் போனால் உடனே ஜெனரேட்டரைப் போடவேண்டும், இல்லை கதவுகளையாவது திறந்துவிடவேண்டும்.

அங்கே ஏற்கெனவே ஒரு மணி இருந்தது. கரண்ட் போனால் அடிக்கும். ஆனால் ஒவ்வொரு சிமிட்டலுக்கும் அடிக்கும். ஜெனரேட்டரைக் கவனித்துக்கொண்டிருந்த ஆப்பரேட்டர் ஒருநாள் தொல்லை தாங்காமல் சுவரில் இருந்த ஸ்விட்சை அணைத்து வைத்துவிட்டு, அதற்காகத் திட்டும் வாங்கியிருக்கிறார். சார் இதைக் கேட்டுத்தான் எங்கள் மெஷினை விற்றார். கரண்ட் போன தகவல் கரண்டுக்கேற்பத் தானாகத் திறந்து மூடும் ரிலே என்ற சின்ன ஸ்விட்ச் வழியாக மெஷினுக்கு வரும். கர்னல் அதை ஒரு சிக்னலாக எங்கள் காவல் புரோகிராமுக்குக் கொடுக்கும். புரோகிராம் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்து, உண்மையாகவே போய்விட்டது என்றால் மட்டும் மணியடிக்கும். மெஷின் லாரி பேட்டரியில் ஓடும், ஆகவே கரண்ட் போனாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. ஹேச்சரியின் சொந்தக்காரர் ஒரு அம்மா. கணவர் இறந்தபிறகு தோட்டம், கோழிப்பண்ணை, இது எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொண்டவர். சார் சொன்னதைக் கடைசிவரை கேட்டுவிட்டு, பழைய மணியைக் கழற்றச் சொன்னார். எங்கள் மணியையும் அதே சுவர் ஸ்விட்சோடுதான் இணைத்தோம்.

அந்த வைகாசி மத்தியானம் மணி அடிக்கவில்லை.

தகவல் வந்து நானும் சாரும் போய்ச் சேர்ந்தபோது ஹேச்சர் கதவுகள் எல்லாம் திறந்து கிடந்தன. தட்டுகளை வெளியே எடுத்து வரிசையாக வைத்திருந்தார்கள். பாதிக்கு மேல் முட்டைகளில் ஓடு விரிசல் விட்டிருந்தது. சிலவற்றில் சின்ன ஓட்டை, அதில் அலகு நுனி. அவ்வளவு தூரம் வந்துவிட்டு நின்றிருந்தன. எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. அம்மா நின்றுகொண்டிருந்தார். அழவில்லை, சத்தம் போடவில்லை. சாரைப் பார்த்து, "மெசினு ஏனுங்க அடிக்கலை?" என்று மட்டும் கேட்டார்.

சார் நேராக மெஷினிடம் போய் முதல் காரியமாக ரீசெட் பட்டனை அழுத்தினார். எல்லாம் புதிதாக ஏறி வந்தது. மெயின் ஸ்விட்சை அணைத்துக் காட்டினார். மணி நன்றாக அடித்தது. திரும்பத் திரும்பச் செய்துகாட்டினார், ஒருதரம்கூடத் தவறவில்லை. அப்புறம், யாரோ அணைத்துவிட்டுப் பிறகு போட்டிருக்கிறார்கள் என்பதுபோல, சுவரில் இருந்த ஸ்விட்சைப் பார்த்தார். அவர் எதுவும் சொல்லவேண்டியிருக்கவில்லை. அங்கே இருந்த எல்லோருமே ஆப்பரேட்டரைப் பார்த்தார்கள்.

அவருக்கு நாற்பது, நாற்பத்தைந்து வயது இருக்கும். ஜேடர்பாளையத்துக்காரர், பண்ணைக்குப் பக்கத்துக் காலனியில் குடும்பத்தோடு இருந்தார். ஸ்விட்சைத் தொடவில்லை என்றார். ரோட்டுக்கு அந்தப்பக்கம் முட்டைக் கிடங்கில் லாரி வந்திருந்ததாகவும், இறக்கப் போயிருந்ததாகவும் சொன்னார். அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் முன்பு ஒருதரம் அணைத்து வைத்தவர். அம்மா நாளையிலிருந்து வரவேண்டாம் என்றார். ஆப்பரேட்டர் துண்டை எடுத்துக்கொண்டு போனார்.

சார் அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தபோது நான் வெளியே வந்தேன். ஆப்பரேட்டர் ரோட்டோரம் புளியமரத்தடியில் நின்றிருந்தார். என்ன நடந்தது என்று கேட்டேன். என்னைக் கம்பெனிக்காரி என்று நினைத்து முதலில் தயங்கினார். பிறகு சொன்னார்.

"லாரிக்குப் போகறதுக்கு முன்னால லைட்டு நாலஞ்சு தரம் வெட்டிவெட்டி எரிஞ்சதுங்க. நின்னு பார்த்தேன். மணி அடிக்கலை. லைட்டும் வந்திருச்சு. சரி, மெசினு பார்த்துக்கும்னு போனேனுங்க. அப்புறம் எப்ப போச்சுன்னே தெரியலை."

பஸ்ஸில் திரும்பி வரும்போது இதைச் சாரிடம் சொன்னேன். வேலை போனவன் எதையாவது சொல்லத்தான் செய்வான் என்றார். நாமே சோதித்துப் பார்த்தோமே என்றார். உண்மைதான். ஆனால் நாங்கள் சோதித்தது ரீசெட் செய்த பிறகு. அதற்கு முன்னால் அந்தக் காவல் புரோகிராம் ஓடிக்கொண்டுதான் இருந்ததா என்று நாங்கள் இருவருமே பார்க்கவில்லை.

மறுநாளே கொட்டகையில் அதே மாதிரி இன்னொரு மெஷினை எடுத்துவைத்துக்கொண்டேன். ரிலேயின் ஸ்விட்சைக் கையால் தட்டித்தட்டிப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. கை வலிக்கும்வரை தட்டினேன். பிறகு செவ்வாய்ப்பேட்டையில் ஒரு லாரி ஸ்பேர்பார்ட்ஸ் கடைக்குப் போய், இண்டிகேட்டர் விளக்கைச் சிமிட்டவைக்கும் ஃபிளாஷர் ஒன்று வாங்கிவந்து ரிலேக்குப் போட்டேன். டிக் டிக் என்று நாள்முழுக்க அடித்தது. புரோகிராம் அசையவில்லை. சால்டரிங் பெண்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். சார் இரண்டு தரம் வந்து பார்த்துவிட்டுப் போனார். அடுத்த வாரம் இன்னொரு ஹேச்சரிக்கு மெஷின் போகவேண்டும், அந்த வேலையைப் பார் என்றார். நாமக்கல்லில் அம்மாவின் அடுத்த தொகுதி முட்டைகள் அதே மெஷினின் காவலில் சூடாகிக்கொண்டிருந்தன. 

எங்கள் கொட்டகையை ஒட்டி லாரி பாடி கட்டும் ஷெட் ஒன்று இருந்தது. அவர்கள் வெல்டிங் வைக்கும்போதெல்லாம் எங்கள் டியூப்லைட் நடுங்கும். மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, அந்த நடுக்கத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தவள் எழுந்துபோய் ரிலேயை ஃபிளாஷரிலிருந்து கழற்றி, அந்த டியூப்லைட் லைனிலேயே நேராக மாட்டினேன். பிறகு பக்கத்து ஷெட்டுக்குப் போய் எப்போது வெல்டிங் வைப்பார்கள் என்று கேட்டேன். வெல்டர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். சாப்பிட்டுவிட்டு வைப்போம் என்றார்.

முதல் பொறி விழுந்ததும் ரிலே கடகடவென்று பல்லைக் கடிப்பதுபோல அடித்தது. விட்டுவிட்டு, ஒழுங்கில்லாமல், கையாலோ ஃபிளாஷராலோ வராத வேகத்தில். நான் திரையில், ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்களை வரிசையாகக் கேட்டபடி இருந்தேன். கொஞ்ச நேரம் காவல் புரோகிராம் இருந்தது. அடுத்த தரம் கேட்டபோது இல்லை. செத்துப்போயிருந்தது. ஒரு பிழைச்செய்திகூடக் கிடையாது.

நான் ரிலே மாட்டியிருந்த லைனின் ஸ்விட்சை அணைத்தேன். மணி அடிக்கவில்லை. அடிக்க ஆளில்லை.

அப்புறம் கர்னலைப் படிக்கத் தொடங்கினேன். காரணம் கண்ணுக்கு நேராகவே இருந்தது. சிக்னல் வந்தால் நான் என்ன செய்யவேண்டும் என்று புரோகிராம் முன்கூட்டியே கர்னலிடம் சொல்லிவைத்திருக்கும். ஆனால் அந்தச் சொல் ஒரு தரத்துக்குத்தான் செல்லும். சிக்னலைக் கொடுக்கும்போதே கர்னல் அந்தச் சொல்லை அழித்துவிடும். புரோகிராம் எழுந்ததும் முதல் வேலையாக மறுபடி சொல்லிவைக்கவேண்டும். எங்கள் புரோகிராம் ஒழுங்காக அப்படித்தான் செய்தது. ஆனால் கர்னல் அழிப்பதற்கும் புரோகிராம் திரும்பச் சொல்வதற்கும் நடுவில் ஒரு கணம் இருந்தது. அந்தக் கணத்தில் இன்னொரு சிக்னல் வந்துவிட்டால், சொல்லிவைத்தது எதுவும் இல்லை. எதுவும் சொல்லாதவனுக்குக் கர்னல் வைத்திருந்த தண்டனை மரணம். கண்ணிமைக்கும் நேரத்தில் எத்தனையோ பங்கில் ஒரு பங்கு அந்த இடைவெளி. கையால் தட்டினால் வருஷக்கணக்கில் அகப்படாது. நாமக்கல் காற்றுக்கு ஒரு மத்தியானம் போதும்.

சாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். வெல்டரை மறுபடி வெல்டிங் வைக்கச் சொல்லிக் காட்டினேன். சார் நாற்காலியில் உட்கார்ந்து நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். பிறகு, புரோகிராமிலேயே ஏதாவது செய்து சமாளிக்கமுடியாதா என்று கேட்டார். முடியாது, இடைவெளி கர்னலுக்குள் இருக்கிறது, அங்கேதான் அடைக்கவேண்டும் என்றேன். கர்னலைத் தொட்டால் எல்லாமே ஆட்டம் காணலாம், அது எனக்கும் தெரியும். சரி, செய் என்றார்.

"ஆனா அந்த அம்மாகிட்ட ஒண்ணும் சொல்லவேண்டாம். புது வெர்ஷன் வந்திருக்குன்னு சொல்லி மாத்திட்டு வந்துடலாம். இது வெளியே போனா அடுத்த ஆர்டரும் இல்லை, கம்பெனியும் இல்லை. உன்னோட சம்பளமும் இல்லை."

அவரைக் கெட்டவர் என்று நான் அன்றும் நினைக்கவில்லை. மனைவியின் நகையை அடகு வைத்த பணம் அந்தக் கொட்டகைக்குள் இருந்தது. ஆப்பரேட்டர் என்ன ஆவார் என்று கேட்டேன். வேறு வேலை பார்த்துக்கொள்வான் என்றார்.

கர்னலை மாற்றினேன். சிக்னல் கொடுக்கும்போது சொல்லிவைத்ததை அழிக்கக்கூடாது. அதற்குப் பதிலாக, புரோகிராம் அதைக் கவனித்துக்கொண்டிருக்கும்வரை அடுத்த சிக்னலைக் கையில் பிடித்துவைத்திருந்து, அது முடித்துத் திரும்பியதும் கொடுக்கவேண்டும். கேட்க எளிது. பிடித்துவைப்பதற்கு ஓர் இடம், விடுவதற்கு ஓர் இடம், நடுவில் புரோகிராம் செத்தால் துடைப்பதற்கு ஓர் இடம் என்று பல இடங்களில் கை வைக்கவேண்டியிருந்தது. ஒருதரம் மெஷின் ஏறவே இல்லை. சரிசெய்து வெல்டிங்கின்போது ஓடவிட்டேன். புரோகிராம் சாகவில்லை. சார் முதல்தடவையாகச் சிரித்தார். அன்றே ஃபிளாப்பியை எடுத்துக்கொண்டு இருவரும் நாமக்கல் போய் மாற்றிவிட்டு வந்தோம். புது வெர்ஷன் என்று சார் சொன்னார். அம்மா தலையாட்டினார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இன்னும் இரண்டு நாளில் முட்டைகளை ஹேச்சருக்கு மாற்றப்போவதாக அம்மா சொன்னார்.

திரும்பி வந்தும் சோதனையை நான் நிறுத்தவில்லை. பக்கத்து ஷெட்டில் ஒரு பெரிய பாடிக்கு வெல்டிங் வேலை நடந்துகொண்டிருந்தது, அது வீணாகப் போகவேண்டாமே என்று ஓடவிட்டுக்கொண்டே இருந்தேன். முட்டைகளை மாற்றிவிட்டிருப்பார்கள் என்று நான் கணக்குப்போட்டிருந்த நாளில், மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால், லைனை அணைத்தேன். மணி அடிக்கும் என்று காத்திருந்தேன். அடிக்கவில்லை.

திரையில் கேட்டேன். காவல் புரோகிராம் உயிரோடு இருந்தது. தூங்கிக்கொண்டிருந்தது. அதற்கு வந்த சிக்னல் பக்கத்திலேயே குறிக்கப்பட்டுக் கிடந்தது. எழுப்பத்தான் யாருமில்லை.

 செத்துப்போனதாவது பார்த்தால் தெரிந்துவிடும். இது உயிரோடு இருப்பதாகக் காட்டிக்கொண்டு தூங்கியது. முதல் ஓட்டையில் புரோகிராம் முன்னாலேயே செத்துக்கொண்டிருந்ததால் இந்த இரண்டாவது ஓட்டை இத்தனை நாளாக வெளியே தெரியவில்லை. அது இன்னும் ஆழத்தில், தூங்கப்போகும் இடத்தில் இருந்தது. ஒரு புரோகிராம் தூங்குகிறேன் என்றால், கர்னல் முதலில் அதற்கு சிக்னல் ஏதாவது வந்திருக்கிறதா என்று பார்க்கும். இல்லையென்றால் தூங்குகிறவர்களோடு சேர்க்கும். பார்ப்பதற்கும் சேர்ப்பதற்கும் நடுவில் சிக்னல் வந்தால், எழுப்ப வருகிறவன் தூங்குகிறவர்களிடையே தேடுவான். ஆள் அங்கே இன்னும் சேரவில்லை, எழுப்ப யாருமில்லை என்று போய்விடுவான். அதற்குப் பிறகு ஆள் போய்ப் படுத்துக்கொள்வான். அடுத்த சிக்னல் வந்தால் எழுவான். கரண்ட் முழுசாகப் போன பிறகு அடுத்த சிக்னல் எங்கிருந்து வரும்?

சாரிடம் சொன்னேன்.  நாமக்கல்லுக்கு டிரங்க் கால் போட்டோம். லைன் கிடைக்கவில்லை. மறுபடி போட்டோம், அந்தப் பக்கம் லைன் பழுது என்றார்கள். வெளியே வந்து பார்த்தேன். தென்மேற்கில் வானம் செம்மண் நிறமாகியிருந்தது.

நான் போகிறேன் என்றேன். சரிசெய்யாமல் போய் என்ன செய்வாய் என்று கேட்டார். ஜெனரேட்டரைப் போட்டு வைக்கச் சொல்வேன் என்றேன். சார் என்னைப் பார்த்தார். "சர்வீஸ் பார்க்க வந்தேன்னு சொல்லு. வேற எதுவும் சொல்லாதே," என்றார். நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

சேலத்துக்கு வந்து நாமக்கல் பஸ் ஏறினேன். ராசிபுரம் தாண்டியதும் புழுதிக்காற்று ஆரம்பித்தது. பஸ் ஜன்னல் ஷட்டர்களை இறக்கிவிட்டார்கள். இருட்டில் உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஏறுகிறவர்களிடம் கரண்ட் இருக்கிறதா என்று கேட்டேன். ஒருவர் இருக்கிறது என்றார், ஒருவர் போய்ப்போய் வருகிறது என்றார். அந்தப் போய்ப்போய் வருவதுதான் எனக்குப் பயம்.

ஹேச்சரி கேட்டில் இறங்கி ஓடினேன். ஃபேன்களின் சத்தம் கேட்டது. உயிர் திரும்பியது. அம்மா ஹேச்சர் அறை வாசலில் நின்று ஒரு ஆளுக்கு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அது புதிதாகச் சேர்ந்த ஆப்பரேட்டர். என்னைப் பார்த்ததும் அம்மா, "என்ன அம்மிணி, இந்தக் காத்துல?" என்றார்.

மேலே விளக்கு ஒருதரம் மங்கி எரிந்தது. நான் மணியைப் பார்த்தேன்.

"மெசினை நம்பாதீங்கம்மா. ஜெனரேட்டரை இப்பவே போடச் சொல்லுங்க. கரண்ட் போச்சுன்னா அது அடிக்காமப் போயிரலாம். போன தடவையும் மெசினுதானுங்க. சுவிட்சை யாரும் தொடலை."

அம்மா என் பக்கம் திரும்பினார். "அப்ப அவன் சொன்னது?"

"நெசங்க."

அம்மா புது ஆளைப் பார்த்து ஜெனரேட்டருக்குப் போகச் சொன்னார். நாங்களும் பின்னாலேயே போனோம். அந்த ஆள் கைப்பிடியைப் போட்டுச் சுற்றினார். டீசல் இன்ஜின் இருமியது, புகை விட்டது, நின்றது. மறுபடி சுற்றினார். விளக்கு இன்னும் இரண்டு மூன்று தரம் வெட்டியது. பிறகு ஒட்டுமொத்தமாகப் போனது. ஹேச்சர் அறைப் பக்கமிருந்து வந்துகொண்டிருந்த ஃபேன் சத்தம் மெதுவாக இறங்கி, ஒரு முனகலாகி, அடங்கியது.

மணி அடிக்கிறதா என்று எல்லோரும் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றோம். காற்றுதான் கேட்டது.

அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஹேச்சர் அறைக்கு ஓடினார். கதவுகளையெல்லாம் திறக்கச் சொன்னார். முட்டை பொறுக்கும் பெண்கள் வந்து அட்டைகளாலும் சாக்குகளாலும் விசிறினார்கள். நானும் ஒரு அட்டையை எடுத்துக்கொண்டேன். உள்ளேயிருந்து வந்த சூடு முகத்தில் அடித்தது. சில பெட்டிகளில் ஓட்டுக்குள்ளிருந்து கீச்கீச்சென்று சத்தம் கேட்க ஆரம்பித்திருந்தது. அதுவரை அந்தச் சத்தத்தை நான் கேட்டதில்லை. அம்மா டிராக்டர்காரரைக் கூப்பிட்டு, காலனிக்குப் போய்ப் பழைய ஆப்பரேட்டரைக் கையோடு கூட்டிவரச் சொன்னார். வரமாட்டேன் என்றால் என்ன செய்ய என்று டிராக்டர்காரர் கேட்டார். "நான் கூப்பிட்டேன்னு சொல்லு. தப்பு எம்மேலதான்னு சொன்னேன்னு சொல்லு," என்றார் அம்மா. விசிறிக்கொண்டிருந்த பெண்கள் எல்லோருக்கும் அது கேட்டது.

எவ்வளவு நேரம் விசிறினோம் என்று தெரியவில்லை. டிராக்டர் சத்தம் கேட்டது. பழைய ஆப்பரேட்டர் இறங்கி, யாரையும் பார்க்காமல் நேராக ஜெனரேட்டரிடம் போனார். டீசல் வரும் குழாயில் காற்று புகுந்திருந்தது. நட்டைத் தளர்த்தி, பம்பை அமுக்கிக் காற்றை வெளியேற்றி, மறுபடி இறுக்கினார். ஒரு சுற்றுதான் சுற்றினார். இன்ஜின் பிடித்துக்கொண்டது. ஃபேன்கள் முதலில் தயங்கி, பிறகு முழு வேகத்துக்கு ஏறின. ஒரு பெண் கையிலிருந்த அட்டையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அந்தத் தொகுதி முட்டைகளில் கொஞ்சம் போனது. பெரும்பகுதி தப்பித்தது.

காற்றோடு வந்த மழை ஓய்ந்த பிறகு, பழைய ஆப்பரேட்டர் கைகால் கழுவிக்கொண்டிருந்த இடத்துக்கு அம்மா போனார். நானும் கூட இருந்தேன். இன்றைக்கும் மணி அடிக்கவில்லை என்று அம்மா சொன்னார். அவர் தலையைத் துவட்டிக்கொண்டே, தெரியுங்கம்மா என்றார். நாளையிலிருந்து வேலைக்கு வா என்றார் அம்மா. முடியாதுங்க என்றார் அவர். திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் ஒன்றில் ஆள் கேட்டிருந்தார்களாம், வடக்கே போர் போடப் போகிற வண்டி, அட்வான்ஸ் வாங்கிவிட்டாராம். அம்மா வற்புறுத்தவில்லை. புது ஆளுக்கு ஜெனரேட்டரைப் பழக்கிவிட்டுப் போ என்று மட்டும் கேட்டார். அதற்குச் சரி என்றார்.

நான் கொட்டகைக்குத் திரும்பி, நடந்தது எல்லாவற்றையும் சொன்னேன். சார் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அவர் என்னை வேலையை விட்டு நிறுத்திவிடுவார் என்று நினைத்துக்கொண்டே, நிறுத்துவதற்குள் முடித்துவிடவேண்டும் என்று தூங்கும் இடத்தைத் திருத்திக்கொண்டிருந்தேன். திருத்தம் என்னவோ சில வரிதான். பார்ப்பதற்கு முன்னால் வெளியிலிருந்து வரும் குறுக்கீடுகளுக்கெல்லாம் கதவைச் சாத்தவேண்டும். பார்த்து, தூங்குகிறவர்களோடு சேர்த்த பிறகுதான் திறக்கவேண்டும். அப்படியானால் நடுவில் யாரும் நுழையமுடியாது. எழுப்ப வருகிறவன் கதவு திறந்தபின் வருவான், ஆள் அங்கே இருப்பான். ஆனால் கதவைச் சாத்திவைக்கும் நேரம் கூடினால் டெர்மினலில் அடிக்கும் எழுத்துகள் தொலைந்துபோயின. எந்த வரியில் சாத்துவது, எந்த வரியில் திறப்பது என்று இடம் மாற்றி மாற்றிப் பார்த்தேன். கர்னலில் வேறெங்கே தூங்கப்போகிறார்கள் என்று தேடினேன். அதே ஓட்டை இன்னோர் இடத்திலும் இருந்தது. அதையும் அடைத்தேன்.

மூன்றாம் நாள் சார் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். திரையைப் படித்துக்கொண்டே போனார். ஓரிடத்தில் விரலை வைத்து, இங்கே பாதியில் திரும்பிப் போனால் கதவு சாத்தியபடியே இருந்துவிடுமே என்று கேட்டார். ஆமாம், அப்படித்தான் இருந்திருக்கும். நான் அதைப் பார்த்திருக்கவில்லை. அவர் நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். சாயங்காலம்வரை இருவரும் சேர்ந்து ஒவ்வொரு வழியாகப் பார்த்தோம். பிறகு பக்கத்து ஷெட்டில் வெல்டிங் நடந்த நேரமெல்லாம் ஓடவிட்டோம். அந்த பாடி முடிந்து லாரி கிளம்பிப்போகும்வரை, லைனை அணைத்தபோதெல்லாம் மணி அடித்தது. அடுத்த ஹேச்சரிக்கு மெஷினை அனுப்புவதை அதுவரை சார் தள்ளிப்போட்டார். அவர்களிடம் காரணத்தையும் சொல்லிவிட்டார் என்று பிறகு தெரிந்தது. அவர்கள் ஆர்டரை ரத்து செய்துவிட்டார்கள். அம்மா மெஷினைத் திருப்பியனுப்பவில்லை. ஆனால் கழற்றிய பழைய மணியையும் மறுபடி மாட்டச் சொன்னார். சாரே தன் கையால் மாட்டினார்.

புதுக் கர்னலைப் போட நாங்கள் போனபோது, ஆப்பரேட்டர் புது ஆளுக்குப் பழக்கிக்கொண்டிருந்த கடைசி நாள். சார் அவரிடம் போய் ஏதோ பேசினார். தள்ளியிருந்ததால் என்ன பேசினார் என்று எனக்குக் கேட்கவில்லை. பிறகு ஆப்பரேட்டர் என்னிடம் வந்தார். மெஷினில் என்ன கோளாறு என்று நான் சொல்லத் தொடங்கினேன். மரியாதைக்குக் கேட்டுக்கொண்டார். அவர் மனதில் இருந்தது வேறு.

"நான் மணியை அணைக்கலைன்னு காலனியில யாராச்சும் வந்து சொல்லோணுமுங்க. எம்பொண்ணை அடுத்த மாசம் பொண்ணு பார்க்க வாராங்க."

அம்மாவிடம் சொல்கிறேன் என்றேன். சொன்னேன். அம்மா ஆள் அனுப்பவில்லை. வெயில் தாழ்ந்ததும் தானே காலனிக்கு நடந்து போனார். அதுவரை அவர் அந்தப் பக்கம் போனதில்லை என்று முட்டை பொறுக்கும் பெண்கள் பேசிக்கொண்டார்கள். நானும் சாரும் ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தோம். அங்கிருந்து பார்த்தால், ஆப்பரேட்டர் வீட்டு வாசலில் அம்மா நின்று பேசுவதும், அக்கம்பக்கத்து வாசல்களில் ஆட்கள் வந்து நிற்பதும் தெரிந்தது. பஸ் வந்தது. சார் ஏறவில்லை, அடுத்ததில் போகலாம் என்றார்.